புளி போட்டு மினுக்கிய பேஸ் கிற்றார்

ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், இங்கே பக்கத்து இருக்கைக்காரர் கதைக்க மாட்டார். பதினேழு வருடமாக அம்மருட்டில் ஏறி, நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரே பெட்டி, ஒரே முகங்கள். ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேட்டதில்லை. கோபமில்லை, வஞ்சகமில்லை, அவர்களுக்கு அதுதான் மரியாதை. ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள் நான் தோளில் நீளமான கறுத்தப் பையொன்றைக் கொழுவிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது நிலையம் வரமுன்னமே முன்னால் இருந்த வெள்ளைத் தலைமுடிப் பெண் குனிந்து என்ன வாத்தியம் என்று கேட்டாள். பாஸ் என்றேன். இங்கே பேஸ் கிற்றாரை அப்படித்தான் சொல்வார்கள். மகனுடையதா என்றாள். இல்லை, நான்தான் வாசிக்கிறது என்றேன். நெற்றியில் பொட்டு, கையில் மரக்கறிப் பை, நாற்பத்தைந்து வயது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெய்யான சந்தோசத்தோடு, "அடி சக்கை!" என்று எங்கள் ஆட்கள் சொல்லும் பாவனையில் ஏதோ சொன்னாள். பிறகு இறங்கும் வரை நாங்கள் இருவரும் கதைத்தோம். பதினேழு வருடத்துக்குப் பிறகு!

அந்தப் பை என் தோளுக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். எங்கள் இல்லத்தில் தெர்யே என்று ஒருவர், கட்டடப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். குழாய் ஒழுகினால், கதிரைக்கால் ஆடினால் அவர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இலையுதிர்கால விழாவில் முதியவர்களுக்குப் பாட்டு வாசிக்கவென்று வேலையாட்கள் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருந்தார்கள். தெர்யே கிற்றார், உடற்பயிற்சி கொடுக்கும் பெண் அக்கோர்டியன், குசினியில் வேலை செய்யும் ஒருத்தி பாட்டு. பேஸ் வாசித்தவர் வேலை மாறிப் போய்விட்டார். நான் முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டும்போது மற்றக் கைவிரலால் மேசையில் தாளம் போடுவேனாம், எனக்கே தெரியாது. தெர்யே அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு நாள் வந்து கேட்டார். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான், எழுதக் கை கூசுகிறது.

"நீ பேஸ் வாசிக்கிறியா?"

"எனக்குத் தெரியாது, தெர்யே."

"தாளம் தெரியுது. மிச்சம் நாலு கம்பிதானே."

அடுத்த நாள் அந்தப் பையைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய தமையன் ஊலாவின் பேஸ். ஊலாவ் கப்பலில் வேலை செய்தவர். அறுபதுகளில் கப்பல் ஹம்பேர்க்கில் நின்றபோது வாங்கியதாம், ஜேர்மன்காரரின் வேலை. கரைக்கு வரும் காலங்களில் ஊர்க் கூடங்களில் நடக்கும் நடன இரவுகளில் வாசிப்பாராம். அதற்கு முந்தின வருடம்தான் ஊலாவ் செத்துப்போனார். அதன் பிறகு அந்தப் பையை ஒருவரும் திறக்கவில்லை. "இதை வடிவாப் பாத்துக்கொள்" என்று மட்டும் தெர்யே சொன்னார். நான் பார்த்துக்கொண்டேன், அதுதான் வினையாய்ப் போனது.

வீட்டில் அதைத் திறந்து கட்டிலில் கிடத்தியபோது என் மனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தார். உள்ளே பொள்ளல் இல்லாத ஒற்றைப் பலகை உடம்பு. அதன் மேல் கடுஞ்சிவப்பில் பிளாஸ்ரிக் தோல் போர்த்தியிருந்தது, பழைய பஸ் இருக்கையைப் போல. கழுத்துப் பகுதி ஒரே மரமில்லை, மெல்லிய பட்டிகள் பலவற்றை ஒட்டிச் செய்தது. முன்பக்கம் திருகுகளும் தள்ளு சுவிச்சுகளுமாக நிறைந்திருந்தது. "இஞ்சேர், இது கிற்றாரோ, கறண்ட் மீற்றரோ?" என்றார். "சும்மா இருங்கோ" என்றேன். ஒலிபெருக்கியில் கொழுவி ஆகத் தடித்த கம்பியைச் சுண்டினேன். சத்தம் காதுக்கு வரமுன் விலா எலும்புக்கு வந்தது. யன்னலுக்கு வெளியே மூடுபனி அடுத்த மாடிக்கட்டடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. பத்தாம் மாடி வெளிச்சம் ஒன்று மட்டும் மிதந்துகொண்டு நின்றது. எவ்வளவு நேரம் அந்த ஒற்றைச் சுரத்தையே சுண்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மனுசன் வந்து சோறு போடச் சொன்னபோதுதான் இந்த உலகத்துக்கு வந்தேன்.

எனக்கு அது முதல் பேஸ் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என் ரஞ்சன் அண்ணா ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசித்தான். கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வர மேளச்சமா முடிய, சினிமாப் பாட்டுப் பாடும் குழுக்கள் வருமே, அதில் ஒன்று. காசு கொடுத்து வாங்க வழியில்லை. ஸ்ருட்காட்டில் இருந்த மச்சான் அனுப்பிய ஒரு ஜேர்மன் சஞ்சிகையில் ஒரு பேஸின் படம் இருந்தது. அதைப் பார்த்துக் கதவு நிலை செய்யும் தச்சர் ஒருவர் பலாப் பலகையில் வெட்டிக் கொடுத்தார். படத்தில் இருந்தது போலவே ஒற்றைப் பலகை, மேல்விளிம்பில் அதே கொம்பு வளைவு. நிறை மட்டும் உரல் நிறை. அண்ணா அதைத் தூக்கிக்கொண்டு மேடையில் நிற்கும்போது இடது தோள் இறங்கியிருக்கும்.

எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை. "பொம்பிளைப் பிள்ளை, உனக்கென்னத்துக்கு?" என்பான். ஆனால் வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது என் கையில் வரும். சரஸ்வதி பூசைக்கு. புத்தகம், தையல் மெசின், அப்பாவின் சைக்கிள் பம்ப், அண்ணாவின் பேஸ் எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் போகவேண்டும், போகமுன் எல்லாம் மினுக்கவேண்டும். மினுக்குவது யாருடைய வேலை? வீட்டுப் பெட்டையின் வேலை. குத்துவிளக்குக்குப் போட்ட புளியையும் சாம்பலையும் கொண்டே பேஸின் ஆணி, திருகாணி எல்லாவற்றையும் தேய்ப்பேன். தேய்க்கிற சாட்டில் கம்பியில் விரல் படும், மெல்ல ஒரு முனகல் வரும். அந்த முனகலுக்காகவே நான் அந்த நாளைக் காத்திருந்தேன் என்பதை இன்றைக்குத்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். நான் இங்கே வந்த பிறகு, தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அது வீட்டில் நின்றது. திரும்பி வந்தபோது கதவு நிலையும் இல்லை, பேஸும் இல்லை.

இப்போது விளங்கியிருக்கும் நான் என்ன செய்திருப்பேன் என்று. நவராத்திரி முடிவில் சரஸ்வதி பூசை வந்தது. முதியோர் இல்ல விழாவுக்கு இன்னும் எட்டு நாள். கிறன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க் கடையில் புளி வாங்கினேன். ஊலாவின் பேஸைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி, நாற்பது வருடக் கறுப்பு ஏறியிருந்த ஒவ்வொரு உலோகத் துண்டையும் புளி போட்டுத் தேய்த்தேன். கண் கூசும்படி பளபளத்தது. சிவப்புத் தோலை ஈரத்துணியால் துடைத்தேன். முதுகுப் பக்கத்தில் மஞ்சளாகிப்போன ஒட்டுநாடா ஒன்று, ஓரம் சுருண்டு, அழுக்கேறி ஒட்டியிருந்தது. அதில் நீலப் பேனையால் ஏதோ வரிசையாக எழுதி, மங்கிப்போய் இருந்தது. கடைசி வரியில் 'ரூலி' என்ற சொல்லை மட்டும் வாசித்தேன். அவசரப்படாதே, அமைதி என்று அர்த்தம். எங்கள் இல்லத்தில் முதியவர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். நகத்தால் கிள்ளி உரித்தேன். பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுத்தேன். உரித்ததைக் குப்பைக் குழாய்க்குள் போட்டேன். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமித் தட்டுக்கு முன்னால் சாய்த்துவிட்டு, கும்பிட்டேன். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. அவ்வளவு சந்தோசமாக நான் கும்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது.

விஜயதசமி காலை, வித்தியாரம்பத்துக்கென்று எடுத்துக் கொழுவினேன். கரகரவென்று ஒரு சத்தம், மணல் சல்லடை போடுவது போல. சுரம் எங்கேயோ அடியில் கிடந்து மூச்சு முட்டியது. ஐயோ, கடவுளே! புளித்தண்ணீர் சுவிச்சுகளுக்குள் இறங்கிவிட்டது. மனுசன் ஓடி வந்தார்.

"என்னப்பா செய்தனீ?"

"மினுக்கினனான்."

"கறண்ட் சாமானையோ? உனக்கென்ன விசரே!"

செத்தவரின் பொருள். தம்பிக்காரன் நம்பித் தந்தது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் தன் வீட்டுப் பொருளைத் தந்தது அது ஒன்றுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு, பிசைந்த மாவு கிண்ணத்தில் கிடக்க, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கிறூனெர்லொக்கா பக்கத்தில் ஒரு நிலக்கீழ் அறையில் கிற்றார் திருத்தும் கடை ஒன்று இருந்தது. திருத்துபவர் லோதர் என்ற ஜேர்மன்காரர், நோர்வேஜியப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். பேஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என்ன மணம்? சாப்பாடா?"

"புளி. ஓம், சாப்பாடுதான்."

"இந்தச் சிவப்புப் பொட்டு? கெச்சப்பா?"

"இல்லை. அது சாமிக்கு."

சாமிக்கும் கிற்றாருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முகம் கேட்டது. எங்கள் வீட்டில் சைக்கிள் பம்புக்கும் பொட்டு வைப்போம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தலையாட்டினார். திருகாணிகளைக் கழற்றி முன்தகட்டைத் தூக்கினார். கம்பிகளுக்கு நடுவே புளிச்சக்கை ஒரு துளி காய்ந்து கிடந்தது. வெட்கத்தில் எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. லோதர் திடீரென்று கையை நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குடைந்த மரத்தின் அடியில், பென்சிலால், சரிந்த எழுத்தில் ஒரே ஒரு சொல். ஷோன்பாக்.

"செய்தவருடைய பெயரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஊர்" என்றார். "ஆனா இது செய்தது அந்த ஊரிலை இல்லை."

பிறகு சுவிச்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஷோன்பாக், இன்றைய செக் நாட்டுப் பொகீமியாவில் ஜேர்மன் பேசுகிறவர்கள் இருந்த ஊர். வீட்டுக்கு வீடு வயலின் செய்வார்கள், ஒரு வீட்டில் தலை, ஒரு வீட்டில் முதுகு, இன்னொரு வீட்டில் வில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜேர்மன்காரர் என்று சொல்லி அவர்கள் எல்லாரையும் நாட்டை விட்டுத் துரத்தினார்கள். கையில் தூக்கக்கூடிய மூட்டை மட்டும். சிலர் உடுப்புக்குள் உளியையும் அச்சையும் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்தார்களாம். மேற்கு ஜேர்மனியில் புபன்ரொய்த் என்ற ஒரு சின்ன விவசாயக் கிராமம் அவர்களை ஏற்றது. கொஞ்ச நாளில் அந்த ஊரில் ஊர்க்காரரை விட வந்தவர்கள் கூட. ஐம்பதுகளின் கடைசியில் பெடியளுக்கு வயலின் வேண்டாம், மின்சாரக் கிற்றார் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவதை வாங்க வசதியில்லை. வயலின் செய்த கைகளே பலகையை அறுத்தன. உள்ளே பொள்ளலாக, வயலின் வடிவில் செய்த பேஸ்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் இதைப் போல ஒற்றைப் பலகையில், தோல் போர்த்தி, சுவிச்சு மேல் சுவிச்சு வைத்துச் செய்தவையும் ஏராளம். நல்ல பெரிய மரம் கிடைப்பது கஷ்டம், வளையவும் வளையும். அதனால் மெல்லிய பட்டிகளை ஒட்டிக் கழுத்துச் செய்தார்கள். கழுத்து வளையவே இல்லை, அதுவே அவர்களின் முத்திரையாகிவிட்டது. பிறகு யப்பானிலிருந்து மலிவான சாமான் வரத் தொடங்க, எழுபதுகளில் பல பட்டறைகள் மூடப்பட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஜேர்மனியில், அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றும் பேஸ் செய்தது. எண்பதுகளில் மேற்கில் புதிதாக ஒருவர் தொடங்கினார். தோல் கீல் ஒன்றுமில்லை, பாரமான ஆபிரிக்க மரம், எண்ணெய் மட்டும் பூசிய வெறும் உடம்பு. கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்த பின் அந்தப் பட்டறை கிழக்குக்கு இடம் மாறியது. பழைய ஷோன்பாக்குக்குக் கூப்பிடு தூரத்துக்கு.

"நீங்கள் எந்த ஊர்?" என்று நான் கேட்டேன். இது எங்கள் ஆட்களின் கேள்வி, வாயில் நிற்காது.

"நான் புபன்ரொய்த்திலை பிறந்தவன்." இன்னொரு சுவிச்சைத் துடைத்துவிட்டு, "அப்பா ஷோன்பாக்" என்றார். "இப்ப அந்தப் பேரிலை ஊர் இல்லை. செக் மொழியிலை வேறை பேர். நான் ஒருக்கா போய்ப் பாத்தனான். பஸ் தரிப்பிடத்திலை நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன்."

இவ்வளவு காலமும் அகதி என்றால் நாங்கள், சோமாலியர், பொஸ்னியர் என்றுதான் நினைத்திருந்தேன். நான் நெஞ்சோடு அணைத்து வாசித்த சிவப்புப் பலகை எங்கள் ஆட்களின் வேலை!

சத்தம் சரியாகிவிட்டது. லோதர் மூடமுன் பேஸைப் புரட்டிப் பார்த்தார். "முதுகிலை ஒட்டுநாடா இருந்திருக்கு. நிறம் வித்தியாசமா இருக்கு" என்றார். "அது வாசிக்கிறவனின்ரை நோட்டு. பாட்டு வரிசை மறந்துபோகாமல் ஒட்டி வைப்பினம். எங்கை அது?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போனதும் கட்டடத்தின் குப்பை அறைக்கு ஓடினேன். முதல் நாள் பின்னேரமே லொறி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

மறைத்திருக்கலாம். தெர்யே கவனிக்காமல்கூட விட்டிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன், சொன்னால் பேஸைத் திருப்பி வாங்கிவிடுவார் என்ற பயம். நாற்பத்தைந்து வயதில் கைக்கு வந்ததை இனி யார் தருவார்கள்? மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. கொதிகலன் அறையில் அவர் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். பேஸைப் புரட்டிக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினேன்: புளி, பொட்டு, லோதர், ஒட்டுநாடா.

பொட்டைப் பார்த்தார். முதுகைத் தடவினார், ஒட்டுநாடா இருந்த இடத்தில் விரலை நிறுத்தினார்.

"ஊலாவ் எங்களுக்கு ஒரு கடிதமும் எழுதினதில்லை" என்றார். "ஒரு வாழ்த்து மட்டைகூட இல்லை. அவன்ரை எழுத்து இருந்தது இதிலை மட்டும்தான்."

"எனக்குத் தெரியாது, தெர்யே. துப்பரவாக்கினாத்தான் மரியாதை எண்டு..."

"யா, யா" என்றார். நோர்வேக்காரர் இதைச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். அது மன்னிப்பா, கதவை அடைப்பதா என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்குப் பிடிபடுவதில்லை. பேஸைப் பையில் வைத்து மூடினார். ஆனால் தான் வைத்துக்கொள்ளவில்லை, சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பவும் குழாயோடு குனிந்தார். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு வேலைக்கதையைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. ரயிலில் மட்டும் அந்த வெள்ளைத்தலைப் பெண் நாளும் கதைத்தாள். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு இலைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் விழா. சக்கர நாற்காலிகள் வட்டமாக நின்றன. அப்பிள் கேக்கும் கோப்பியும் மணத்தன. யன்னல் முழுக்க பேர்ச் மரங்களின் மஞ்சள். எனக்குப் பாட்டு வரிசை முழுதும் மறந்துபோனது. தெர்யே வந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளை ஒட்டுநாடாச் சுருளையும் நீலப் பேனையையும் எடுத்தார். ஒரு துண்டு கிழித்து, பேஸின் முதுகில், பழையது இருந்த அதே இடத்தில் ஒட்டினார். பேனையை என்னிடம் நீட்டினார்.

"எழுது."

"என்ன எழுத?"

"நீதானே வாசிக்கிறாய். உனக்கு என்ன தேவையோ அதை."

ஐந்து பாட்டையும் சுருக்கி வரிசையாக எழுதினேன், தமிழில்தான் வந்தது. கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. 'ஆறுதலாய்' என்று எழுதினேன். தெர்யே குனிந்து பார்த்தார்.

"இந்தக் கடைசி என்ன?"

"ரூலி" என்றேன்.

தெர்யேயின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். பிறகு நாங்கள் வாசித்தோம். பிழை விட்டேன், இரண்டு மூன்று இடத்தில். நான் கஞ்சி ஊட்டுகிற ஒரு முதியவர், மாதக்கணக்காக வாய் திறக்காதவர், கதிரைக் கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என் தாளத்துக்குத்தான்!

அடுத்த கோடையில் ஊலாவின் மகள் சில்யே பேர்கனிலிருந்து வந்து பேஸைக் கொண்டுபோனாள். அவளுக்குத்தான் உரிமை. கையில் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு எடுத்து, தொலைபேசி அட்டை முடியும் வரை எல்லாம் சொன்னேன். அவன், "அந்த நாள் நீ தேய்க்கேக்கை முனகிறது எனக்குக் கேட்கும்" என்றான். "கேட்டும் கேளாத மாதிரி இருந்தனான்." பாவி, இருபத்தைந்து வருடம் கழித்துச் சொல்கிறான்!

சில மாதம் கழித்துத் தெர்யே கஞ்சிப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தார். "சில்யே ரெலிபோன் எடுத்தவள். பேஸின்ரை முதுகிலை ஏதோ வளைஞ்ச வளைஞ்ச எழுத்து இருக்காம், என்னவெண்டு கேட்டவள்."

"என்ன சொன்னனீ?"

"கழுவாதை எண்டு சொன்னனான்."

இப்போது தோளில் பை இல்லை. நேற்று அந்த வெள்ளைத்தலைப் பெண் ரயிலில் முன்னால் வந்திருந்து, "எங்கே உன் பாஸ்?" என்று கேட்டாள். "பேர்கனிலை" என்றேன். அங்கே எந்நேரமும் மழையாமே, உள்ளே பென்சிலால் ஷோன்பாக், வெளியே என் தமிழ், ஈரம் படாமல் இருக்கவேணும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவளுக்கு அதெல்லாம் சொல்ல மொழி போதவில்லை. அம்மருட் வந்தது. இறங்கி மூடுபனிக்குள் நடந்தேன். எதிர்ப்பட்ட கடைக் கண்ணாடியில் பார்த்தால், ஒன்றும் தூக்காத என் இடது தோள் அண்ணாவின் தோளைப் போல இறங்கியே இருந்தது.